துரியான் அரண்மனையில் துறவி மேசை

கிள்ளானில் பவுனம்மாள் வீட்டு முன்னறைச் சுவரில் ஓர் ஆணி இருக்கிறது. சாமி படங்களுக்கு நேர் கீழே, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்கிறவர் கண்ணில் முதலில் படுகிற இடம். அந்த ஆணியில் எந்த மருமகன் குடும்பத்தின் படம் தொங்குகிறதோ அவர்தான் அப்போதைக்குப் பெரிய மாப்பிள்ளை. வயது, சம்பளம், கல்யாணமான வரிசை எதுவும் கணக்கில் வராது. இதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் அந்த வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரியும்.

பவுனம்மாளுக்கு இரண்டு மருமகன்கள். மூத்தவர் முகுந்தன், பூச்சோங்கில் கார் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவர். இளையவர் ரெங்கசாமி, துறைமுகத்தில் லோரிகளை வரிசைப்படுத்தி உள்ளே அனுப்புகிற சூப்பர்வைசர். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெங்கசாமி மனைவி மக்களோடு மாமியார் வீட்டுக்குப் போய், செருப்பைக் கழற்றி, நிமிர்ந்து பார்த்தார். பினாங்கு மலை ரயில் முன்னால் அவர் குடும்பம் பல்லைக் காட்டி நின்ற படம் ஆணியில் இல்லை. அந்த இடத்தில் முகுந்தன் குடும்பம் இருந்தது. நடுவில் கிரீடம் வைத்த ஆளுயரத் துரியான் பழம் ஒன்று, ஒரு கையை முகுந்தன் தோளில் போட்டு நின்றது. முகுந்தன் வாயில் பொரித்த ஆட்டுத்தொடை. அதன் உச்சியில் ஒரு தங்கக் கொடி.

"ரவாங் தாண்டி புதுசா தொறந்திருக்காங்கல்ல, பழராஜ்யம், அங்க எடுத்தது மாப்ள," என்றார் பவுனம்மாள். "ராஜாவே மேசைக்கு வந்து தோள்ல கை போட்டாராம்."

"நல்லா இருக்கு அத்தை," என்றார் ரெங்கசாமி. அவருடைய பினாங்குப் படம் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில், வெங்காயக் கூடைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. அன்று மத்தியானம் மாமியார் போட்ட மீன் குழம்பு அவருக்கு ருசிக்கவில்லை.

சாப்பிட்டுக் கை கழுவின கையோடு, வாசலில் நின்றபடியே போனில் பழராஜ்யத்தின் ஆப்பைத் திறந்தார். அங்கே சாப்பிடப் போகிறவர்களை மூன்று சாதியாகப் பிரித்திருந்தார்கள். கீழே வாழைப்பழ மேசை. நடுவில் மங்குஸ்தீன் மேசை. உச்சியில் துரியான் மேசை. ராஜா வருவது அங்கே மட்டும்தான். பள்ளி விடுமுறையில் ஒரே ஒரு சனிக்கிழமைதான் காலியாக இருந்தது. வேறு யாராவது தட்டிப் பறித்துவிடுவார்களோ என்ற பதற்றத்தில் அமுக்கிவிட்டார். ஒரு தடவை அமுக்கினால் தேதியை மாற்றவும் முடியாது, பணத்தைத் திருப்பிக் கேட்கவும் முடியாது என்று ஆப் மிகுந்த மரியாதையோடு நன்றி சொன்னது.

விடுமுறை நெருங்கியபோதுதான் மனைவி புனிதா காலண்டரைக் கிழித்தபடி கேட்டாள். "என்னங்க, நீங்க புக் பண்ண சனிக்கிழம புரட்டாசி மொத சனி. தெரியுமா?"

ரெங்கசாமிக்குத் தெரியாது. பொறாமைக்குக் காலண்டர் பார்க்கிற பழக்கம் கிடையாது. புரட்டாசி பிறந்தால் அவர்கள் வீட்டில் முட்டை ஓடுகூட வாசல் தாண்டாது. ஆனாலும் அவர் அசரவில்லை. "பழராஜ்யம் லா. பேர்லயே பழம் இருக்கு. சைவம் இல்லாமயா போயிடும்?" என்றார். இதைவிட நியாயமான பேச்சு இருக்க முடியாது. அதனால்தான் அங்கே எடுபடவில்லை.

அந்தச் சனிக்கிழமை பழராஜ்யத்தின் வாசலில் பை சோதிக்க ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். பச்சைத் தொப்பி, தொப்பியில் ஒரு காம்பு. புனிதாவின் கைப்பைக்குள் கையை விட்டு ஊறுகாய் பாட்டிலை வெளியே எடுத்தார்.

"இது என்ன?"

"மாங்கா ஊறுகா. சைவச் சாப்பாட்டுக்குத் தொட்டுக்க, அக்கா," என்றாள் புனிதா.

அக்காவின் முகம் மாறிவிட்டது. "வெளி சாப்பாடு கொண்டாந்தா சாதாரண தப்பு. இது வேற. மாம்பழம் இங்க மந்திரி. மந்திரிய துண்டு துண்டா வெட்டி, உப்பு போட்டு, பாட்டில்ல அடச்சு கொண்டாந்திருக்கீங்க. உள்ள புள்ளைங்க பாத்தா பயந்துரும்."

"மந்திரி எங்க?" என்று கேட்டான் ஆறு வயது மகன் ரிஷி. அக்கா விரலைக் காட்டினார். தூரத்தில் மஞ்சள் உடை போட்ட ஒருவர் மாம்பழத் தலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பொட்டலத்திலிருந்து நாசி லெமாக் தின்றுகொண்டிருந்தார். பாட்டில் பறிமுதலானது. மந்திரிக்கு மரியாதை செய்வதுபோல அக்கா அதை இரண்டு கையாலும் எடுத்துப் பெட்டியில் வைத்தார்.

சாப்பாட்டு மண்டபம் படிக்கட்டுப் போலக் கட்டப்பட்டிருந்தது. அடிமட்டத்தில் மணிக்கட்டில் மஞ்சள் பட்டை கட்டிய வாழைப்பழக் குடும்பங்கள். அதற்கு மேல் ஊதாப் பட்டை மங்குஸ்தீன்கள். உச்சியில் தங்கப் பட்டை. துரியான் மேசைக்குப் போக வேறு வழி கிடையாது. எல்லா மேசைக்கும் நடுவே, சிவப்புக் கம்பளத்தில், எல்லாரும் பார்க்க ஏறித்தான் போகவேண்டும். வாழைப்பழக்காரர் ஒருவர் கோழித்துண்டைக் கையில் பிடித்தபடி ரெங்கசாமியின் மணிக்கட்டையே பார்த்தார். அவர் மனைவி, "பாருங்க, அவங்களும் நம்மள மாதிரிதானே இருக்காங்க, அவங்களால முடியுது," என்று புருஷனிடம் சொன்னது ரெங்கசாமியின் காதில் தேனாக விழுந்தது. சட்டைக் கையை இன்னும் கொஞ்சம் மேலே சுருட்டிவிட்டுக்கொண்டார். பினாங்கு ரயிலிலேகூட அவர் இவ்வளவு உயரம் ஏறினதில்லை.

உட்கார்ந்ததும் மெனு வந்தது. அதில் ஒரே ஒரு வரி: ராஜ தொடை.

"தம்பி, சைவம் என்ன இருக்கு?" என்று கேட்டாள் புனிதா.

பணியாளுக்குக் கேள்வி புரியவில்லை. பிறகு புரிந்தது, பயந்துவிட்டான். காதில் மாட்டியிருந்த கருவியில் என்னவோ முணுமுணுத்தான். மண்டபத்தில் ஒலித்துக்கொண்டிருந்த எக்காளம் நின்றது. சற்று நேரத்தில் கறுப்புக் கோட்டு போட்ட ஒரு பெண் சிரித்துக்கொண்டே வந்தாள். சட்டையில் 'இஷ்ரத், அரண்மனை உபசரிப்பு மேலாளர்' என்று எழுதியிருந்தது.

"அண்ணே, அக்கா, வணக்கம். சைவமா? ரொம்ப சந்தோஷம். ஆனா துரியான் மேசையில சைவம் கெடையாது."

"இது பழராஜ்யம்தானேம்மா?" என்றார் ரெங்கசாமி.

"அதனாலதான் அண்ணே. பழம் எல்லாம் இங்க அரச குடும்பம். அவங்கள எப்படி சமைக்கிறது? காய்கறி அவங்க சொந்தக்காரங்க, ராஜா கண்ணுல பட வெக்க முடியாது. ஆட்டுக்கும் கோழிக்கும்தான் இங்க யாரும் இல்ல."

ரெங்கசாமி லோரிக்காரர்களிடம் பேரம் பேசிப் பழகியவர். தணிந்த குரலில் ஒரு யோசனை சொன்னார். "தொடைய கொண்டாந்து மேசையில வெச்சிருங்க. நாங்க தொட மாட்டோம். ராஜா வந்து கொடிய குத்தட்டும், ஒரு படம் எடுத்துக்கறோம், போதும்."

"முடியாது அண்ணே. கொடி குத்தினதும் குடும்பத் தலைவர் மொத கடி கடிக்கணும். கடிக்கும்போதுதான் கேமரா அடிக்கும். அது சென்சர் வெச்ச மெஷின் லா, நான் ஒண்ணும் பண்ண முடியாது."

ரெங்கசாமி யோசித்தார். ஒரு கடி. ஒரே ஒரு கடி. மென்று விழுங்கணும் என்றுகூட யாரும் சொல்லவில்லை. பெருமாள் பெரிய மனசுக்காரர், கண்டுகொள்ளாமல் விடலாம். புனிதா அவர் முகத்தைப் படித்துவிட்டாள்.

"கடிங்க," என்றாள். "தாராளமா கடிங்க. படத்துக்குக் கீழ தேதி போடறாங்க, பாத்தீங்கல்ல? புரட்டாசி மொத சனில மாப்ள ஆட்டுத்தொடைய கவ்வுற படத்த எங்கம்மா சாமிக்குக் கீழ மாட்டுவாங்க, போங்க."

ரெங்கசாமி மெனுவை மூடி வைத்தார். பெருமாளைச் சமாளித்துவிடலாம். ஆணியைச் சமாளிக்க முடியாது.

"அப்ப எங்களுக்கு சாப்பாடே கிடையாதா?" என்று கேட்டாள் மூத்தவள் விஷ்ணுப்ரியா. பத்து வயசு, பசி வந்தால் அப்பாவின் கௌரவத்தை அவள் பார்ப்பதில்லை.

இஷ்ரத் அவள் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்தாள். அன்பானவள்தான். அதனால்தான் உண்மையைச் சொன்னாள்.

"தங்கச்சி, இங்க யாரும் சாப்பாட்டுக்கு வரல. சாப்பாடு உங்க கிள்ளான்லயே இதவிட நல்லா கெடைக்கும். நானே லீவு நாள்ல அங்கதான் போய் சாப்பிடறேன். நாங்க விக்கறது பக்கத்து மேச. வாழைப்பழம் மங்குஸ்தீனப் பாக்கணும், மங்குஸ்தீன் துரியானப் பாக்கணும். அதுக்குத்தான் ஹால படிக்கட்டு மாதிரி கட்டினோம். மொதல்ல எல்லாத்தையும் சம தரையில போட்டிருந்தோம். எல்லாரும் சாப்ட்டு, சிரிச்சு, எழுந்து போயிட்டாங்க. திரும்ப யாருமே வரல. கம்பெனி மூடற நெலமைக்கு வந்துருச்சு."

"உச்சியில இருக்கறவங்க எதப் பாப்பாங்க?" என்றார் ரெங்கசாமி.

"கீழ இருக்கறவங்க மேல பாக்கறத பாப்பாங்க அண்ணே. சித்த முன்ன நீங்க பாத்தீங்கல்ல?"

ரெங்கசாமி சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"கவலப்படாதீங்க. சைவக்காரங்களுக்குன்னு தனி இடம் இருக்கு. துறவி மேச," என்று இஷ்ரத் எழுந்தாள். தங்கப் பட்டைகளைக் கத்தரித்து, நான்கு மண்ணிறப் பட்டைகளைக் கட்டிவிட்டாள். ஏறிய அதே சிவப்புக் கம்பளத்தில், எல்லாரும் பார்க்க, அவர்கள் இறங்கினார்கள். இந்த முறை வாழைப்பழக்காரர் மனைவி கோழித்துண்டை நன்றாகக் கடித்தாள். அவ்வளவுதான்.

துறவி மேசை கழிப்பறைக்குப் பின்னால் ஒரு குகையில் இருந்தது. ஃபைபரில் செய்த ஆலமரம், அதன் கீழே உட்கார நான்கு கட்டை. ஆலமரத்தடியில் மரவுரி போட்ட பெரியவர் ஒருவர் தடியும் தாடியுமாக உட்கார்ந்திருந்தார். பெயர் அய்யாவு. ரவாங்கில் வருஷக்கணக்காகப் பள்ளிப் பேருந்து ஓட்டியவர், இப்போது இங்கே பகுதி நேரத் துறவி. அவர்களைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டு கனத்த குரலில் ஒப்பித்தார்.

"ஆசையை விடு மகனே. ஆசையே துன்பம். மங்குஸ்தீன் மேசைக்கு மாற விரும்புவோர் இடது பக்கக் கவுண்டரை அணுகவும்."

ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தார். "உக்காருங்க தம்பி. சொல்லியே ஆகணும், மைக்கு ஓடுது. தாடி என்னுது, வேண்டுதலுக்கு வளத்தேன். தடி கம்பெனியோடது."

வாழை இலையில் சாப்பாடு வந்தது. அவித்த பூசணி, அவித்த மரவள்ளி, அவித்த இன்னொன்று. அது என்னவென்று கொண்டுவந்தவனுக்கும் தெரியவில்லை. ரெங்கசாமி ஒரு வாய் வைத்தார். "த்தூ," என்றார். குகைச் சுவரில் கண் மட்டத்துக்கு ஒரு பிளவு விட்டிருந்தார்கள். அது வழியாகப் பார்த்தால் துரியான் மேசைகள் மட்டும் தெரியும். துறவிக்கும் கொஞ்சம் ஆசை இருந்தால்தான் கவுண்டருக்குப் போவார் என்று கட்டியவர்கள் நினைத்திருக்கவேண்டும். ரெங்கசாமி முகத்தைப் பிளவில் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டார். அவர் மேசையில், அவர் நாற்காலியில், அந்த வாழைப்பழக்காரர் உட்கார்ந்திருந்தார். காலியான இடத்துக்குக் கூடுதலாகக் கட்டி ஏறிவிட்டார் போலிருக்கிறது. துரியான் ராஜா வந்து அவர் தோளில் கை போட்டது.

"என் தோள் அது," என்றார் ரெங்கசாமி.

அய்யாவுக்கு மனசு கேட்கவில்லை. எழுந்து போய் மைக்கின் மேல் ஒரு துண்டைப் போட்டார். மரவுரிக்குள் கையை விட்டு ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். "எலுமிச்ச ஊறுகா, வீட்டுக்காரி போட்டது. எலுமிச்சைக்கு இங்க இன்னும் பதவி குடுக்கல, அதனால பயமில்ல. வாங்க தம்பி, அந்த ஓட்டைய விட்டுட்டு வந்து சாப்பிடுங்க."

நான்கு இலையிலும் ஊறுகாய் விழுந்தது. அவித்த மரவள்ளியும் எலுமிச்சை ஊறுகாயும் அப்படிச் சேரும் என்று யாருக்குத் தெரியும்! ரிஷி புளிப்பில் ஒரு கண்ணைச் சுருக்கி நாக்கை நீட்டினான்; விஷ்ணுப்ரியா சிரித்துச் சிரித்துப் புரையேறினாள். அய்யாவு பேருந்தில் தூங்கிப்போன வாத்தியாரைக் கடைசி நிறுத்தம்வரை கொண்டுபோன கதையைச் சொன்னார். புனிதா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ரெங்கசாமி இரண்டாவது தடவை ஊறுகாய் கேட்டு இலையை நீட்டியபோது, கேமராக்காரர் வந்து கடனே என்று ஒரு படம் எடுத்து, அங்கேயே அச்செடுத்து நீட்டினார். துறவி மேசைப் படத்தை யாரும் விலைக்குக் கேட்பதில்லை என்பதால் இலவசம்.

வெளியே போகிற வாசலில் கருத்து சொல்லும் இயந்திரம் இருந்தது. சிரித்த முகம், சுளித்த முகம். ரிஷி சிரித்த முகத்தை அமுக்கினான். சிவப்பு விளக்கு எரிந்தது, ஒருவர் ஓடிவந்து, "என்ன ஆச்சு? எந்த மேசையப் பாத்தும் உங்களுக்கு ஒண்ணும் தோணலையா?" என்று கவலையோடு விசாரித்தார். ரெங்கசாமி சுளித்த முகத்தை அமுக்கிய பிறகுதான் கதவு திறந்தது.

மறுநாள் கிள்ளானில் விஷ்ணுப்ரியா கையிலிருந்து அந்தப் படத்தைப் பவுனம்மாள் வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ஆலமரம். தாடி வைத்த துறவி. அவர் கையிலிருந்து எதையோ வாழை இலையில் பயபக்தியோடு ஏந்துகிற மாப்பிள்ளை. கண்ணில் நீர் மல்க உட்கார்ந்திருக்கிற மகள். கீழே தேதி: புரட்டாசி முதல் சனி.

"மாப்ள," பவுனம்மாள் படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "சித்தர் கையால பிரசாதம் வாங்கியிருக்கீங்களே. எந்த ஊரு மடம் இது?"

ரெங்கசாமி வாயைத் திறந்தார். புனிதா அவர் இடுப்பில் கிள்ளினாள். "ரவாங் பக்கம், அத்தை," என்றார்.

துரியான் ராஜா வெங்காயக் கூடைக்கு மேலே போனது. ஆணியில் துறவி ஏறினார். சந்தனம், குங்குமம் வைத்து மல்லிகைச் சரமும் போட்டார் பவுனம்மாள். ரெங்கசாமி அன்று சோறு மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

இரண்டு நாள் கழித்து முகுந்தன் போன் செய்தார். "சகல, நல்லா இருக்கீங்களா? அந்த சித்தர் படம் பாத்தேன். அது பழராஜ்யம்தானே? துரியான் மேசைக்கு மேல ஒண்ணு இருக்குன்னு எனக்குத் தெரியாதே லா. ஆப்புலயும் காட்ட மாட்டேங்குது."

"காட்டாது சகல," என்றார் ரெங்கசாமி நிதானமாக. "அதெல்லாம் நாம கேட்டு போறதில்ல. அவங்களா பாத்து, தகுதியானவங்கள கூப்புடறது."

அந்தப் பக்கம் முகுந்தன் சட்டென்று போனை வைத்துவிட்டார். ரெங்கசாமிக்கு அந்த மாதம் முழுக்கவும் அது போதுமானதாக இருந்திருக்கும். ஆனால் முகுந்தன் சும்மா இருக்கிற ஆளா? இஷ்ரத்தைத் தேடிப் பிடித்து, கெஞ்சி, படத்தைக் காட்டியிருக்கிறார். இஷ்ரத் வியாபாரம் தெரிந்தவள். புரட்டாசிக் கடைசி சனியன்று குடும்ப வாட்சப்பில் ஒரு படம் வந்தது. அதே குகை. அதே அய்யாவு, இப்போது ஒற்றைக்காலில் நிற்கிறார், தாடி தொப்புள்வரை நீண்டிருக்கிறது, சுற்றிலும் புகை. ஒரு கை முகுந்தன் தலைமேல். இலையில் ஊறுகாய், அதற்கு ஒரு வெள்ளிக் கிண்ணம். மூலையில் பொன்னெழுத்தில் 'துறவி பிளாட்டினம்' என்று போட்டிருந்தது.

ரெங்கசாமி படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "தலையில கை வெச்சிருக்கார். என் தலையில வெக்கல."

"உங்களுக்கு ஊறுகா குடுத்தாரே," என்றாள் புனிதா. "ரெண்டு தடவ."

அவர் காதில் விழவில்லை. ஆப்பைத் திறந்துவிட்டிருந்தார். துறவிப் பிரிவு இப்போது துரியானுக்கும் மேலே ஏறியிருந்தது. வாழை, மங்குஸ்தீன், துரியான், துறவி, துறவி பிளாட்டினம். எல்லாவற்றுக்கும் உச்சியில் புதிதாக ஒன்று மினுமினுத்தது. 'துறவி முழு விரதம். மேசை கிடையாது. உணவு வழங்கப்படாது. துறவி உங்களோடு பேசமாட்டார். வருடக் கடைசி விடுமுறைக்குச் சில இடங்களே உள்ளன.'

புனிதா எட்டிப் பார்த்தாள். "சாப்பாடே போடாத சாப்பாட்டுக் கடைக்கு எதுக்குங்க போறோம்?"

"சகலைக்கு சாப்பாடு போட்டாங்கல்ல. நமக்கு போட மாட்டாங்க. வித்தியாசம் புரியல உனக்கு?"

அப்போது போன் அடித்தது. பவுனம்மாள்.

"மாப்ள, சாப்ட்டீங்களா? ஒண்ணும் இல்ல. பெரிய மாப்ள படம் அனுப்பியிருக்காரு. சாமி ஒத்தக்கால்ல நின்னு தலையில கை வெச்சு ஆசீர்வாதம் பண்ணுது. பாத்ததும் எனக்கு கண்ணு கலங்கிருச்சு. சுவத்துல எடம் இல்லல்ல, அதான் உங்க படத்த ஃபிரிட்ஜ் பக்கமா மாட்டியிருக்கேன். மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க."

"சேச்சே, அதுல என்ன அத்தை," என்றார் ரெங்கசாமி. அவர் கட்டைவிரல் ஆப்பை அமுக்கியது. ஆப் மிகுந்த மரியாதையோடு நன்றி சொன்னது. "ஆனா அந்த ஆணிய மட்டும் இன்னும் நல்லா எறங்க அடிச்சு வைங்க. அடுத்த படம் கனமா வரும்."